கலமசூவில் சுற்றிய கம்பி

செத் லவருக்கு 1955-இல் இருந்த வேலை, எலெக்ட்ரிக் கிட்டாரிலிருந்து ஓர் இரைச்சலை அகற்றுவது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்னும் ஊரில் கிப்சன் நிறுவனத்தின் ஆலை இருந்தது. லவர் அங்கே மின்னணுப் பொறியாளர். அன்றைய கிப்சன் கிட்டார்களில் தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் கம்பிச்சுருள்களாக இருந்த பி-90 பிக்கப்புகள், வாசிப்பு நிற்கும் இடைவெளிகளில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்கும். சுவருக்குள் ஓடும் மின்சாரம், தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கு, பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் எல்லாமே அந்தக் கம்பிச்சுருளுக்குள் புகுந்து ஆம்ப் வழியாக வெளியே வரும். லவர் ஒரு சுருள் இருந்த இடத்தில் இரண்டை அருகருகே வைத்தார். ஒன்றில் காந்தத்தின் வட முனை தந்தியை நோக்கியிருக்கும், மற்றதில் தென் முனை. சுருள்களை இணைத்த திசையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக விழுந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். தந்தியின் அசைவு எழுப்பும் மின் அலைகள் மட்டும் ஒன்றோடொன்று கூடும். அந்த ஆண்டு ஜூன் 22-இல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1957-இல் கிப்சனின் லெஸ் பால் கிட்டார்களில் அந்தப் பிக்கப் ஏறியது. ஹம்பக்கர் என்று உலகம் அறிவது இதைத்தான்.

கிடைத்த அமைதிக்கு ஒரு விலை இருந்தது. இரண்டு சுருள்களும் தந்திக்கு அடியில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆகவே தந்தியை இரண்டு இடங்களில் பார்க்கின்றன. அதிரும் தந்தியில் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தே அதிர்கின்றன. உயரத்திலுள்ள மேற்சுரங்களின் அலைகள் குட்டையானவை. அவற்றில் சில, ஒரு சுருளின் மேல் ஏறும் அதே கணத்தில் மற்றதன் மேல் இறங்குகின்றன; இரைச்சலுக்கு நேர்ந்த கதியே அவற்றுக்கும் நேர்கிறது. போதாததற்கு, இரண்டு சுருள்களைத் தொடராக இணைக்கும்போது மின்தூண்டல் கூடுகிறது, பிக்கப்பின் ஒத்ததிர்வு முகடு கீழே இறங்குகிறது, அந்த முகட்டுக்கு மேலே உள்ள அதிர்வெண்கள் வேகமாக மங்குகின்றன. முனை மழுங்கி, நடுப்பகுதி தடித்து, சுரத்தின் தொடக்கத்தில் இருந்த ‘டிங்’ போய் ஓர் உருண்டை வந்தது.

கிட்டார்காரர்கள் இன்று ‘வின்டேஜ் டோன்’ என்று தேடி அலையும் கதகதப்பு இதுதான். இழப்புகளுக்குப் பிறகு மிச்சமாக நின்ற ஒலி அது. அதை ஒரு பொருளாகக் கற்பனை செய்துகொண்டு, எந்தப் பிக்கப்பில் அது அதிகமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடுபவர்கள் வெகுதூரம் போய்விடுகிறார்கள். எதைப் போகவிடச் சம்மதிக்கிறோம் என்பதே தேர்வின் மையக் கேள்வி என்று நான் நம்புகிறேன்.

பிக்கப்புக்குக் காது கிடையாது. நன்றாக மெழுகில் தோய்த்த ஒரு பிக்கப்பின் முகத்தருகே போய் உரக்கப் பாடினாலும் ஆம்பில் ஒன்றும் வராது. காந்தப்புலத்துக்குள் ஓர் எஃகுத் தந்தி அசைந்தால் புலம் கலைகிறது. புலம் கலைந்தால் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பித்தளைத் தந்தியைப் பூட்டி மீட்டினால் பிக்கப் ஏறக்குறைய ஊமைதான். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் தமது ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினில் நீண்ட கமகங்களை இழைத்தபோது அவை சபாவின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்ததும், எஃகின் அசைவு இப்படி மின்சாரமாக மாறியதால்தான். இந்த எளிய இயக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பிக்கப் விளம்பரங்களில் வரும் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். காந்தத்தின் வலு, கம்பியின் தடிமன், சுற்றுகளின் எண்ணிக்கை, சுருளின் வடிவம், தந்தியின் எந்தப் பகுதிக்கு அடியில் அது இருக்கிறது என்பது: தேர்ந்தெடுக்க இருப்பவை பெரும்பாலும் இவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னதன் கனம் பலருக்குத் தெரிவதில்லை. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்தபோது அவர் கையில் இருந்தது 1936-இல் கிப்சன் கொண்டுவந்த இ.எஸ்-150. அதன் பிக்கப் விரற்பலகை முடியும் இடத்தை ஒட்டி இருந்தது. மேற்பலகைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், நீளமான இரண்டு எஃகுக் காந்தக் கட்டைகள். அந்தப் பாரத்தைத் தாங்கும் மூன்று திருகுகள் மட்டும் மேலே தெரியும். தந்தியின் வீச்சு பிரிட்ஜை நெருங்க நெருங்கக் குறையும், கழுத்துப் பக்கம் போகப் போக விரியும். விரிந்த இடத்தில் அடிப்படைச் சுரம் ஓங்கி நிற்கும். கிறிஸ்டியனின் முழுமையான, கொம்பு வாத்தியம் போன்ற குரலுக்கு இந்த இடம் ஒரு பெரிய காரணம். அவருக்கும் கதகதப்பு லட்சியமாக இருந்ததில்லை. ஊதுகுழல்களின் நடுவே கிட்டார் ஒரு தனிக்குரலாகக் கேட்க வேண்டும் என்பதே பசி. 1942-இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 25.

ஆகவே கதகதப்பைத் தேடுகிறவர் முதலில் கழுத்துப் பக்கப் பிக்கப்பைப் பற்றி முடிவெடுக்கட்டும். பிரிட்ஜ் பக்கத்தில் இருப்பதை மாற்றி மாற்றிப் பூட்டிவிட்டு, ‘இன்னும் கீச்சென்கிறதே’ என்று வருந்துவதில் பொருளில்லை. அந்த இடத்தின் இயல்பே கீச்சுதான்.

லவரின் ஹம்பக்கரின் அடியில் 1962 வரை ஒரு சிறிய கறுப்பு ஒட்டுச்சீட்டு இருந்தது. காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொல்லும் மூன்று சொற்கள் அதில். அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தப் பிக்கப்புகளுக்கே பி.ஏ.எஃப் என்று பெயர் நிலைத்துவிட்டது. காப்புரிமை 1959 ஜூலையிலேயே வந்துவிட்டது. சீட்டு மாற மேலும் சில ஆண்டுகள் ஆயின. மாறியபோது அதில் அச்சான எண்ணும் இந்தப் பிக்கப்புக்கு உரியதல்ல, லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் வேறொரு காப்புரிமைக்கு உரியது. இந்தப் பிக்கப்பின் காப்புரிமை வரைபடத்தில் உயரம் கூட்டிக் குறைக்கும் திருகுகள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவை விற்பனைப் பிரிவு கேட்டதால் பின்னர் சேர்ந்தவை.

பி.ஏ.எஃப் என்றால் ஒரே குரல் என்று நினைப்பது தவறு. அல்நிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை. அதில் வலுவுக்கேற்ப வகைகள் உண்டு. கிப்சன் அந்த ஆண்டுகளில் 2, 3, 4, 5 என்று எந்த வகை கையிருப்பில் இருந்ததோ அதைப் போட்டது. சுருள்களைச் சுற்றியவர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு இல்லை. சுருள் நிறைந்ததா என்று பார்த்து நிறுத்தினார்கள். சுமார் 5,000 சுற்று என்று சொல்வது வழக்கம், ஆனால் ஒன்று கூடியிருக்கும், ஒன்று குறைந்திருக்கும். ஒரே பிக்கப்பின் இரண்டு சுருள்களே சமமாக இருக்காது. சமமில்லாதபோது இரைச்சல் முழுதாக அழிவதில்லை. கூடவே, அழிந்திருக்க வேண்டிய மேற்சுரங்களிலும் கொஞ்சம் தப்பிப் பிழைக்கின்றன. நல்ல பி.ஏ.எஃப் ஒன்றின் தடித்த நடுப்பகுதிக்கு மேலே மெல்லிய வெளிச்சம் ஒன்று நிற்பதற்கு இந்தச் சமமின்மையும் ஒரு காரணம். மந்தமான ஒலியையும் கதகதப்பான ஒலியையும் பிரிப்பது அந்த வெளிச்சம்தான். டோன் கன்ட்ரோலை முழுக்க மூடி யாரும் மந்தத்தை வரவழைத்துவிடலாம்.

கம்பியைச் சற்று அருகில் பார்க்க வேண்டும். 42-ஆம் கேஜ் செம்புக் கம்பி, குறுக்களவு 0.063 மில்லிமீட்டர். விரல்களுக்கிடையே பிடித்தால் இருப்பதே தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் செந்நிறக் கீற்று ஒன்று மின்னும். மேலே எனாமல் பூச்சு, பழைய கிப்சன் கம்பியில் அது கருஞ்சிவப்பு. இழுவை சற்று மிகுந்தால் அறுந்துவிடும், குறைந்தால் சுற்றுகள் தளர்ந்து தொங்கும். ஒரு ஹம்பக்கரின் இரண்டு சுருள்களிலும் சேர்த்து இந்தக் கம்பி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு தீப்பெட்டியை விடச் சற்று நீளமான பெட்டிக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர்!

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஃபெண்டர் நிறுவனத்தில் கம்பியைக் கையால் வழிநடத்திச் சுற்றினார்கள். இயந்திரம் சுருளைச் சுழற்றும். கம்பியை இடமும் வலமும் நகர்த்துவது விரல்கள். அபிகெயில் இபார்ரா 1956-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். பல பத்தாண்டுகள் கழித்தும் அவர் சுற்றிய பிக்கப்புகளைத் தேடி வாங்கினார்கள், அவர் கையெழுத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. விரல் நகரும்போது சுற்றுகள் ஒன்றன் பக்கம் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்படாமல் குறுக்கும் நெடுக்குமாக விழும். அப்படி விழுந்தால் சுருளின் உள் மின்தேக்குத் திறன் குறைந்து மேற்பகுதி சற்றுத் திறந்துகொள்ளும். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் இருந்த பழைய பிக்கப்பும் வின்டேஜ்தான், ஆனால் அதன் கதகதப்பு வேறு வகை. அதில் ஒற்றைச் சுருளின் தெளிவு முழுசாக இருக்கும். கழுத்துப் பக்கத்தில் மட்டும் ஒரு மரத்தன்மை, அடியில் ஈரம். கிப்சனின் உருண்டையை அதில் தேடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்பவருக்கு 1946-இல் வந்த அந்த முனகும் பி-90-யையே சிபாரிசு செய்வேன். அகலமாகத் தட்டையாகச் சுற்றிய ஒற்றைச் சுருள், அடியில் இரண்டு அல்நிகோ பட்டைகள். தடிப்பும் இருக்கும், சொரசொரப்பும் இருக்கும். இரைச்சலோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

பிக்கப் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மின்தடை எண்ணை. 8 கிலோ ஓம், 9 கிலோ ஓம், 14 கிலோ ஓம். அது கூடினால் வலு கூடும், வலு கூடினால் நல்லது என்ற நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. மின்தடை சொல்வது கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டுமே. 43-ஆம் கேஜில் அதே எண்ணிக்கை சுற்றினால் எண் எகிறும், வலு எகிறாது. ஒரே வகைக் கம்பியும் ஒரே வகைச் சுருளும் கொண்ட இரண்டு பிக்கப்புகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண்ணுக்குப் பயன் உண்டு. அப்போதும் அது சொல்லும் சேதி பெரும்பாலோர் நினைப்பதற்கு நேர்மாறு. சுற்றுகள் கூடக்கூட ஒத்ததிர்வு முகடு இறங்கி, மேற்பகுதி மூடிக்கொண்டு, நடுப்பகுதி மட்டும் முன்னால் வந்து கத்தும். 1972-இல் லாரி டிமார்சியோ ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ பிக்கப்பைக் கொண்டுவந்தார்: செராமிக் காந்தம், நிறையச் சுற்று, வால்வு ஆம்பை முன்னிருந்தே திணறடிக்கும் வலு. அது அந்தக் காலத்தின் தேவை, அதற்கென்று ஓர் அழகும் உண்டு. ஆனால் கதகதப்புக்கு எதிர்த்திசை அது.

என் தேர்வு எப்போதும் வலு குறைந்ததன் பக்கம். அல்நிகோ 2 காந்தம், கழுத்துப் பக்கத்துக்கு ஏழு முதல் ஏழரைக் கிலோ ஓம், எனாமல் பூச்சுள்ள 42 கேஜ் கம்பி. மென்மையான காந்தம் தந்தியைப் பிடித்து இழுப்பதில்லை. சுரம் தொடங்கும்போது ஒரு சிறு தளர்வு, பிறகு மலர்ச்சி. இது மெல்லிய ஜாஸுக்கு மட்டுமே ஒத்துவரும் என்று சிலர் ஒதுக்குவார்கள். 1987-இல் வெளியான ‘அப்பெடைட் ஃபார் டிஸ்ட்ரக்ஷன்’ ஆல்பத்தில் ஸ்லாஷ் வாசித்த லெஸ் பால் பிரதியில் இருந்தவை பிக்கப் தயாரிப்பாளர் சீமோர் டங்கனின் அல்நிகோ 2 பிக்கப்புகள். அந்த ஆல்பத்தில் கனம் குறைவு என்று யாரும் புகார் சொன்னதில்லை. கனத்தை ஆம்ப் கொடுக்கும். பிக்கப்பிடம் கேட்க வேண்டியது விரலின் வேறுபாடுகளைச் சிதைக்காமல் ஆம்பிடம் சேர்ப்பதை. மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அழுத்தினால் அழுத்தமாகவும் ஒலிக்கும் பிக்கப் கிடைத்துவிட்டால், மற்ற குணங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அதை விடக் கூடாது.

பழைய காந்தங்கள் காலப்போக்கில் களைத்துப்போய்க் கனிந்துவிட்டன, புதியவற்றுக்கு அந்தப் பக்குவம் வராது என்று ஒரு பேச்சு உண்டு. நான் இதை ஏற்பதில்லை. அல்நிகோ சும்மா இருந்தால் எளிதில் வலுவிழக்காது. வேறொரு வலுவான காந்தம் அருகில் வந்தாலோ மிகுந்த சூட்டுக்கு ஆளானாலோதான் இழக்கும். தொடக்கத்திலேயே மென்மையான வகை போட்டிருந்தால் 1958-இலும் அது மென்மையாகத்தான் ஒலித்திருக்கும். பழைய கிட்டாரில் நாம் கேட்பது காந்தத்தை மட்டுமல்ல. சுத்த நிக்கல் சுற்றிய தந்தி, வால்வு ஆம்ப், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் எதையும் தராத பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், அந்தக் கால மைக், ஒலிநாடா எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் மேற்சுரங்களைக் குறைத்திருக்கின்றன. இவ்வளவையும் ஒரு பிக்கப்பின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் நீண்ட சுருள் கேபிள்கூட இந்தக் கணக்கில் வரும். கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் நூறு பைக்கோஃபாரட் அளவில் சேர்க்கிறது. கேபிள் நீள நீள முகடு கீழே நகர்கிறது.

எனவே பிக்கப்பை மாற்றும் முன் கையிலிருப்பதன் உயரத்தைச் சரிபார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன். பிக்கப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகு, அடியில் ஒரு சிறு ஸ்பிரிங். பெரும்பாலான கிட்டார்கள் கடையிலிருந்து வரும்போது பிக்கப் தந்தியை முட்டுவதுபோல் உயர்ந்திருக்கும். கடையில் உரக்கக் கேட்பது விற்கும் என்பதால். கடைசி ஃப்ரெட்டில் தடித்த தந்தியை அழுத்திக்கொண்டு, தடித்த தந்தி பக்கத் திருகை அரைச் சுற்று இறக்குங்கள். திறந்த தந்தியை மீட்டினால், முதலில் சத்தம் குறைந்ததாக மட்டும் தோன்றும். ஆம்பில் அந்தக் குறைவை ஈடுகட்டிவிட்டு மறுபடி மீட்டுங்கள். மீட்டியதும் ‘தொம்’ என்று விழுந்து கலங்கிய அடிக்குரல் இப்போது வட்டமாக எழும். இன்னும் அரைச் சுற்று. சுரம் நீளும். ஃபெண்டரின் அல்நிகோ 5 தண்டுக் காந்தங்களில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும்: காந்தம் மிக அருகில் இருக்கையில் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி கலைந்து, ஒரே சுரம் தனக்குள்ளேயே தடுமாறும். இறக்கியதும் தெளியும். பிறகு, ஹம்பக்கர் என்றால், மெல்லிய தந்திகளுக்கு நேர் அடியிலுள்ள திருகுகளை மட்டும் ஒரு சுற்று மேலே எடுங்கள். போன வெளிச்சம் கொஞ்சம் திரும்ப வரும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும் என்கிற இந்த வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. டோன் கன்ட்ரோலும் அப்படியே. அதைப் பத்திலேயே வைத்துவிட்டு மறந்துபோனவர்கள் ஏழுக்கு இறக்கி ஒரு வாரம் வாசித்துப் பார்க்கலாம்.

மீட்டும் விரலுக்கும் இதில் பங்கு உண்டு. ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி பிக் இல்லாமல் கட்டைவிரலின் சதையால் மீட்டினார். இன்டியானபொலிஸில் இரவில் பயிற்சி செய்யும்போது அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் இருக்கவே அப்படித் தொடங்கினார் என்று சொல்வார்கள். மென்மையான சதை தந்தியை விடுவிக்கும்போதே கூர்மையான மேற்சுரங்கள் பிறப்பதில்லை. பிக்கப் அழிக்க வேண்டியது அங்கே ஏற்கெனவே இல்லை. அவர் ஒலியை அவர் வாசித்த எல்-5 கிட்டாரின் பிக்கப்பில் மட்டும் தேடுபவர் பாதியைத்தான் கண்டுபிடிப்பார்.

பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து இயக்கினால் ஒன்றின் பெரும்பகுதியை மற்றது தின்று, நடுவில் குழிவிழுந்த, மூக்கால் பேசுவது போன்ற ஒரு சோகக் குரல் எஞ்சும். தொழிற்சாலையின் அளவுகோலில் அது பழுது. ஃப்ளீட்வுட் மேக்கின் தொடக்க ஆண்டுகளைக் கேட்டவர் யாரும் அதைப் பழுது என்று சொல்லத் துணியமாட்டார். அந்த கிட்டார் பிறகு கேரி மூரிடம் போனது, அவருக்குப் பிறகு கர்க் ஹாமெட்டிடம். காந்தத்தை மட்டும் யாரும் திருப்பி வைக்கவில்லை. அளவுகளை நகலெடுத்துப் பெற முடியாத ஒன்று பழைய பிக்கப்புகளில் இருக்கிறது என்றால் இந்த வகையான தற்செயல்தான் அது. இன்றைய தயாரிப்பாளர்களில் நேர்மையானவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். சுருள்களை வேண்டுமென்றே சமமில்லாமல் சுற்றுகிறார்கள்.

செத் லவர் 1997-இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சான்டா பார்பராவில் சீமோர் டங்கனோடு சேர்ந்து தம் பழைய பிக்கப்பை மறுபடி செய்யத் துணைநின்றார். அது இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. அதை மெழுகில் தோய்ப்பதில்லை; கலமசூவில் தோய்க்காததுபோலவே. தோய்க்காத பிக்கப்பை நகத்தால் தட்டினால் ஆம்பில் ‘டொக்’ என்று கேட்கும். கம்பிகளுக்குத் துளி அசைவு இருப்பதால் வாசிக்கும்போது சுரத்தைச் சுற்றி ஒரு காற்றோட்டம் வரும். அதே அசைவுதான் உரத்த மேடையில் ஆம்பைக் கீச்சிட வைப்பதும். ஆகவே கெயினை ஏற்றி பெரிய மேடையில் வாசிப்பவர் மெழுகில் தோய்த்ததை வாங்கட்டும், வருத்தப்பட வேண்டாம். வீட்டிலும் சிறு கூட்டத்திலும் சுத்தமான ஒலியில் வாசிப்பவர் தோய்க்காததை வாங்கலாம். மேலுள்ள நிக்கல்-சில்வர் மூடியை, 1960-களில் லண்டன் கிட்டார்காரர்கள் கழற்றினார்கள் என்பதற்காக, யாரும் கழற்ற வேண்டியதில்லை. அது எடுத்துக்கொள்வது மிகக் கொஞ்சம், எடுப்பதும் நாம் போகட்டும் என்று நினைக்கிற இடத்திலிருந்துதான். பித்தளை மூடி போட்ட மலிவான பிக்கப் என்றால் கழற்றுங்கள். பித்தளை அளவுக்கு மீறித் தின்றுவிடும்.